வலி நின்றுபோன ஞாயிறு

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதத்தில் நடந்தது இது. சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், வயலாக இருந்த இடத்தை மனை போட்டு விற்ற ஒரு புது நகரில் நாங்கள் குடியிருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு தங்கி, பிறகு மணிமங்கலம் பக்கத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது லைன் சூப்பர்வைசர். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை. கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளை அப்படித்தான் சொல்வோம். எங்கள் வீட்டில் அதற்குக் கல்யாணக் களை. ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்திய என் அக்காதான் அவளுக்கு ஞானத்தாய். அக்கா ஊரிலேயே தன் கையால் வெள்ளை கவுன் தைத்து எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. தொழிற்சாலை நண்பர்களுக்கு மதியம் பிரியாணி. அவளோடு இன்னும் பதினைந்து பிள்ளைகள் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலமாகப் போய்க் கோயிலுக்குள் நுழைவதாகத் திட்டம்.

இங்கே என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அழமாட்டாள். எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை குடும்ப தினம் கொண்டாடுவார்கள். அவள் யு.கே.ஜி. படிக்கும்போது, அந்த விழாவில் ரத்த வகை பார்க்கும் முகாம் போட்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்கும்போதே கத்திக் கூப்பாடு போட, இவள் மட்டும் விரலை நீட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். என்னோடு வேலை செய்பவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்வேன். அவளை வைத்துக்கொண்டே சொல்வேன். "என் பொண்ணு ஊசி போட்டாலும் கண்ணு கலங்கமாட்டா" என்று. அவள் வெட்கத்தோடு சிரிப்பாள்.

நானும் அப்படிப்பட்டவன்தான். காய்ச்சலோடு ஷிப்ட் பார்த்தவன், கையில் கட்டோடு ஓ.டி. பார்த்தவன். லைனில் ஒருவன் 'முடியல' என்று உட்கார்ந்தால் அவன் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். அதனால் அந்த வார்த்தையை அங்கே யாரும் விரும்புவதில்லை. அந்தப் பழக்கத்தை நான் கம்பெனி பஸ்ஸிலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

"மத்தியானத்துலேருந்து ஒண்ணுமே துன்ன மாட்டேன்றா. ஒருவாட்டி வாந்தி வேற எடுத்துட்டா" என்றாள் என் மனைவி.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "வயிறு வலிக்காம்மா?"

"கொஞ்சம்பா" என்று தொப்புளைச் சுற்றிக் காட்டினாள்.

அவளை உற்சாகப்படுத்துவதாக நினைத்து நான் சொன்ன வார்த்தை இது: "புதுநன்மை வாங்கப் போற பிள்ளை, இந்தச் சின்ன வலிக்கெல்லாம் படுக்கலாமா? அத்தை உனக்காக ரயில் ஏறிட்டாவல்லா?"

அவள் உடனே எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு 'கொஞ்சம்' என்ற வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

மருந்துக் கடையில் சொல்லி ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தோம். சனிக்கிழமை காலை தாம்பரம் போய் அக்காவை அழைத்து வந்தேன். அக்கா வந்ததும் வராததுமாக ஓமத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தாள். மகள் மடமடவென்று குடித்தாள், குடித்துவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். உடம்பு லேசாகச் சுட்டது. வெயில் காலம், வீட்டில் விசேஷம், பிள்ளைக்குப் பரபரப்பு என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். காய்ச்சல் மருந்து கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. நான் வாசலில் நின்று செல்போனில் வீடியோ எடுத்தேன். பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு இரண்டிரண்டு பேராக நடந்து வந்தார்கள். என் மகள் லேசாக வலது பக்கம் சாய்ந்து நடந்தாள். முழங்கால் போடச் சொன்னபோது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் கன்னியாஸ்திரி கூட அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார். இவள் தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது கேட்டேன், "சிஸ்டர் என்ன கேட்டாவ?"

"உடம்பு சரியில்லையான்னாங்க. நல்லாக்கீதுன்னு சொல்ட்டேன்."

எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் ஒரு அதிசயம். மகள் தானே எழுந்து வந்து, "அப்பா, வலி போயிடுச்சு" என்றாள். சிரித்தாள். இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை எல்லோரும் விட்டோம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏய்யா, பாத்தியா? ராத்திரி முழுக்க ஜெபமாலை சொன்னேன். பிள்ளைக்கு வலி போயிட்டுன்னு சொல்லுதா பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மாதா படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னேன். உண்மையாகவே, மனம் நெகிழ்ந்து சொன்னேன்.

என் மனைவி மட்டும் அந்த மகிழ்ச்சியில் சேரவில்லை. கவுன் போட்டுவிடும்போது அவள் மகளின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எனக்கு இன்னாவோ மாதிரி கீதுங்க. வலி இல்லன்றா, ஆனா உடம்பு கொதிக்கிது. நாக்கு அட்டை மாதிரி காஞ்சிருக்கு. மூச்சு இன்னாத்துக்கு இப்டி வேக வேகமா வுடுறா?"

"பூசைக்கு நேரமாச்சு. முடிஞ்சதும் காட்டலாம்."

"நீங்க போங்க. நான் ஆட்டோ புட்சிக்கினு போயி காட்டிட்டே வரேன்."

அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. அதனால் நானும் கிளம்பினேன். பைக்கில் எனக்கும் அவளுக்கும் நடுவில் மகள், வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடத்தோடு. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் விரல்கள் என் சட்டையை இறுக்கியது இப்போதும் முதுகில் இருக்கிறது.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு இளம் பெண் டாக்டர் மட்டும் இருந்தார். மகளைப் படுக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வயிற்றை அழுத்தினார்.

"இங்க வலிக்குதாம்மா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல டாக்டர்."

டாக்டரின் கை வயிற்றிலேயே இருந்தது. மகளுடைய நாடியைப் பார்த்தார். எங்களிடம் வெள்ளிக்கிழமையிலிருந்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டார். பிறகு நர்ஸிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார். நான் வழக்கம்போல, "அவ அழமாட்டா டாக்டர். ஊசின்னா பயமே கிடையாது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ரத்தம் எடுத்தார்கள். மகள் அசையவில்லை. நான் வெளியே போய், ஊர்வலம் கிளம்புவதற்குள் வந்துவிடுவோம் என்று அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே பேண்டு வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். போனிலேயே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். கையில் ரிப்போர்ட்.

"இது அப்பண்டிக்ஸ், அதாவது குடல்வால் வீக்கம் மாதிரி இருக்கு. ரத்தத்துல வெள்ளை அணு ரொம்ப ஏறியிருக்கு. அது மட்டும்னா ஆரம்பத்துல இருக்குன்னு நெனச்சிருப்பேன். ஆனா சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு பாத்தோம். உடம்புக்குள்ள அழற்சி எவ்ளோ பெருசா இருக்குன்னு அது காட்டும். அது எக்கச்சக்கமா ஏறியிருக்கு. சோடியமும் குறைஞ்சிருக்கு. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, குடல்வால் உள்ள வெடிச்சிருக்கலாம்னு எனக்குப் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், பயம் அல்ல, முதலில் வந்தது கோபம்தான். "டாக்டர், பிள்ளைக்கு வலியே இல்லன்னு சொல்லுதா. நேத்து இருந்துச்சு, இன்னைக்குப் போயிட்டு. ரத்தம் பாத்ததுல எங்கயாவது தப்பு நடந்திருக்கும். இன்னொரு தடவை பாருங்க."

"அந்த வலி போனதுதான் சார் விஷயமே. உள்ள உப்பிக்கிட்டு இருக்கிறப்ப வலி உயிர் போகும். வெடிச்சதும் அந்த இறுக்கம் போயி, கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கும். அப்புறம் சீழ் வயிறு பூரா பரவிடும். ரத்தத்தை மட்டும் வெச்சு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஸ்கேன் பாக்கணும். இங்க இன்னைக்கு ஸ்கேன் டாக்டர் கிடையாது. சென்னைக்குப் போயிடுங்க, ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்."

நான் அப்போதும் நிறுத்தவில்லை. "பூசை ஆரம்பிச்சிருச்சு. நன்மை மட்டும் வாங்கிட்டு வந்துருதோம். ஒரு மணி நேரம்தான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "சார், உங்க பாப்பாகிட்ட இப்ப அந்த ஒரு மணி நேரம் இல்ல."

என் மனைவி ஏற்கெனவே மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டார். ஆம்புலன்ஸ் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியது. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான லாரிகள் இரண்டு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை எங்களுக்கு வழிவிட முடியாமல் முன்னால் ஊர்ந்தன. அதில் இருந்த கார்களில் நான் நிற்கிற லைனில் செய்த பாகம் ஏதாவது இருந்திருக்கும். வருடக்கணக்காக அந்த லாரிகளைப் பார்த்துப் பெருமைப்பட்டவன், அன்று அவை எரிந்து போகக் கூடாதா என்று நினைத்தேன்.

மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பூந்தமல்லி நெருங்கும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் முகம் சுருங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இப்ப அழட்டா?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. தலையை ஆட்டினேன் என்று மனைவி சொன்னாள். அதன் பிறகு மகள் அழுதாள். இரண்டு நாள் அழுகையையும் சேர்த்து வாய்விட்டு அழுதாள். நடுவில், "வெள்ளிக்கிழமையே ரொம்ப வலிச்சுதுப்பா. அத்த ட்ரெயின்ல வந்துக்கினு இருந்தாங்கல்ல, அதான் சொல்லல" என்றாள். அவள் அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை.

சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்ததும் நேராக ஆப்பரேஷன் தியேட்டர். பூக்கிரீடத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். கவுனைக் கத்தரித்துத்தான் எடுக்க முடிந்தது. வெளியே வந்த சர்ஜன், குடல்வால் வெடித்து வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தது, கழுவிச் சுத்தம் செய்து குழாய் வைத்திருக்கிறோம் என்றார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். "வலி குறைஞ்சதும் நிறைய பேர் வீட்டிலேயே இருந்துடுவாங்க. நீங்க கூட்டிட்டு வந்துட்டீங்க, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். அழைத்து வந்தது என் மனைவிதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியே வீடாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் எடுப்பார்கள். அந்த சி.ஆர்.பி. இறங்கினால்தான் உள்ளே ஆறுகிறது என்று அர்த்தம். முதலில் இறங்கிக்கொண்டே வந்தது. வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு, லைனில் டார்கெட் போர்டைப் பார்க்கிற மாதிரி அந்தச் சீட்டுக்காகக் காத்திருப்பேன். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்த சமயத்தில் அது திடீரென்று ஏறியது. மகள் அப்போது நன்றாகத்தான் இருந்தாள், இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வயிற்றின் அடியில் இன்னொரு இடத்தில் சீழ் கட்டியிருந்தது. அதை ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். இந்த முறை அந்த எண்ணை நான் சந்தேகப்படவில்லை.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்குப் பிறகு, ரத்தம் எடுக்க வரும் பெண்ணைத் தூரத்தில் பார்த்தாலே என் மகள் கத்துவாள். வார்டே திரும்பிப் பார்க்கும். "இவ்ளோ பெரிய பொண்ணு இப்டி அழலாமா?" என்று நர்ஸ்கள் கேட்பார்கள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அழட்டும், நன்றாக அழட்டும் என்று இருக்கும்.

அக்கா எங்களோடு இருந்து பார்த்துவிட்டு, ஊரில் வேலை இருந்ததால் திரும்ப வேண்டியிருந்தது. ரயிலடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வந்ததாலதான பிள்ளை வாயத் திறக்கல? வராமலே இருந்திருக்கலாம்ய்யா" என்றாள். இல்லை அக்கா என்று சொன்னேன். நான் வெள்ளிக்கிழமை சொன்ன அந்த வார்த்தையை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் மனதில் இருந்த பாரத்தையாவது இறக்கியிருக்கலாம். ரயில் கிளம்பும்வரை சொல்லவில்லை. பிறகு போனில்தான் சொன்னேன்.

செல்போனில் எடுத்த ஒத்திகை வீடியோவை என் மனைவி ஆஸ்பத்திரியில் ஒருநாள் போட்டுப் பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள். மெழுகுவர்த்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றின் வலது பக்கத்தை அழுத்திக்கொண்டே நடக்கிறாள் என் மகள். நான் அதை எடுத்தவன். என் கண்ணுக்கு முன்னால் நடந்ததை, என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு சாதாரண ஞாயிறன்று அவள் புதுநன்மை வாங்கினாள். பேண்டு இல்லை, ஊர்வலம் இல்லை, பக்கத்தில் வேறு பிள்ளைகள் இல்லை. பங்குச் சாமியார் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவளுக்கு அது குறையாக இருந்ததா என்று தெரியவில்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் டாக்டரைப் பார்த்து நன்றி சொல்லப் போனோம். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்காக நான் போட்ட சண்டைக்கு மன்னிப்பும் கேட்டிருக்க வேண்டும்.

லைனில் இப்போது ஒரு பெண் முகம் வெளிறி நின்றால் நின்று கேட்கிறேன். பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள். "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது தடவையும் கேட்டு, முதலுதவி அறைக்கு அனுப்புகிறேன். வேலை நெருக்கடியில் சில நாள் மறந்தும் போகிறேன்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. நன்றாக ஓடுகிறாள், பள்ளியில் கோ-கோ ஆடுகிறாள். போன வாரம் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். "வலிக்காம்மா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தேடுகிற பார்வை அது. பிறகு, "வலிக்குதுப்பா" என்றாள். மருந்து போட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒரு நொடியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். என் முகத்தைப் பார்க்காமலே அவள் தன் வலியைச் சொல்லும் நாள் வரும்வரை, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முடிந்துபோகாது.